அரசு மாத்திரையில் வீரியம் இல்லையா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்ட தம்பிக்கு ஊர் குடியாத்தம் பக்கம். அம்மா பீடி சுற்றுகிறவர். சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். அம்மா அதை வாங்கி பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு, மெடிக்கலில் மாதம் 1,400 ரூபாய்க்கு வேறு மாத்திரை வாங்கிப் போடுகிறார். கை காய்ந்த மாதத்தில் அதுவும் கிடையாது. “கவர்மெண்டு மாத்திரைல வீரியம் இல்லடா, சுண்ணாம்பு மாதிரி கீது” என்பது அம்மாவின் கட்சி. இருமல் சிரப்பில் குழந்தைகள் செத்த செய்தியைப் படித்ததிலிருந்து தம்பிக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஏழை நாட்டில் மருந்தே இப்படித்தானா, யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறார்.

நான் அரசு மருந்தாளுநராக 31 வருஷம் வேலை பார்த்தவன். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோது, 1988-இல் சேர்ந்தேன். வேலூர் மூன்றாக உடைந்த 2019-இல் ஓய்வு பெற்றேன். நடுவில் ஒடுகத்தூர், அணைக்கட்டு, பேரணாம்பட்டு என்று சுற்றாத இடமில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தம்பி, நேரடிப் பதில் இது: டப்பாவில் கிடக்கும் அரசு மாத்திரையை, காலாவதி ஆகாதவரை, அம்மா நம்பிப் போடலாம்; கடை மாத்திரையோடு சேர்த்து மட்டும் கூடாது. ஆனால் அரசு மாத்திரையைக் கண்டு பயப்படுகிற அம்மா, வேறு ஒன்றைப் பயமே இல்லாமல் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பது என் சந்தேகம். அது என்ன என்று பின்னால் வருகிறேன். மருந்து விஷயத்தில் நம் ஜனங்கள் பயப்பட வேண்டிய இடத்தில் தைரியமாகவும், தைரியமாக இருக்க வேண்டிய இடத்தில் பயந்தும் இருக்கிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

ஏன் முடியாது என்றால், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மருந்து வந்த லட்சணம் அப்படி. கேட்டது வராது, வந்தது தேவைப்படாது. பாராசிட்டமால் கேட்டு எழுதினால் பெட்டி பெட்டியாக வைட்டமின் வந்து இறங்கும், அதுவும் மூன்று மாதத்தில் காலாவதியாகிற சரக்கு. ‘இல்லம்மா, வெளிய வாங்கிக்குங்க’ என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் பழகிப்போனது. கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் மருந்து இருக்காது, இருந்தாலும் நன்றாக இருக்காது என்ற எண்ணம் ஜனங்கள் மனதில் விழுந்தது அப்போதுதான். உங்கள் அம்மா வயதுக்காரர்கள் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். அதனால் அவர் சொல்வதை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய உண்மை அது.

1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவாகி, 1995 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. அதற்கப்புறம் கதை மாறியது. மாநிலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே டெண்டர். கம்பெனி மருந்தை நேராக மாவட்டக் கிடங்கில் கொண்டுவந்து இறக்க வேண்டும். இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடாது, கிடங்கிலேயே தனியாக நிற்கும். ஒவ்வொரு பேட்சிலும், அதாவது ஒரே தடவையில் தயாரித்த சரக்கிலும், மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் போட்டு வெளி லேபுக்கு அனுப்புவார்கள். சோதிக்கிறவருக்கு அது யார் சரக்கு என்று தெரியாது. ‘தேறியது’ என்று முடிவு வந்தால்தான் கிடங்கிலிருந்து வெளியே போகும். தேறாத கம்பெனி கறுப்புப் பட்டியலுக்குப் போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரி ஒரு புத்தகம், அதில் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று வரம்பு. வேண்டியதை நாமே எழுதி எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பாஸ்புக் கையில் வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வைட்டமின் தொல்லை அன்றோடு தீர்ந்தது. பிற்பாடு பல மாநிலங்கள் இங்கே வந்து பார்த்து இதே மாதிரி அமைத்துக்கொண்டன.

சரி, மெடிக்கலில் வாங்கும் மாத்திரை? அதைக் கம்பெனியே சோதித்து அனுப்புகிறது. மருந்து ஆய்வாளர்கள் அங்கங்கே கடையில் மாதிரி எடுப்பார்கள். கடைக்கு வருகிற ஒவ்வொரு பேட்சையும் வெளியார் யாரும் சோதிப்பதில்லை. அதனால் கடை மாத்திரை மோசம் என்று சொல்ல வரவில்லை, பெரும்பாலானவை நல்ல மாத்திரைகள்தான். இரண்டில் எது கூடுதல் கண்களைத் தாண்டி வருகிறது என்று கேட்டால், அம்மா டப்பாவில் போட்டு மூடி வைத்திருப்பதுதான். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் தரக்குறைவான மருந்துகளின் பட்டியல் வெளியிடுகிறது. அதில் பெரிய பிராண்டும் வரும், அரசுக்கு சப்ளை செய்த சரக்கும் வரும். விலை அதிகம் என்பதால் மட்டும் ஒன்று தப்பிப்பதில்லை.

அப்புறம் அந்த ‘சுண்ணாம்பு’ விஷயம். மாத்திரைக்கு மேல் கலர் பூசுவது, வழவழப்பாக்குவது, பளபளக்கும் அட்டையில் அடைப்பது எல்லாம் காசு. டெண்டரில் ஒரு மாத்திரைக்கு சில பைசா வித்தியாசத்தில் ஆர்டர் கைமாறும். அங்கே யாரும் பூச்சுக்குச் செலவு செய்ய மாட்டார்கள். ஒடுகத்தூரில் ஒரு ஆயா வாராவாரம் வருவார். எந்த மாத்திரை கொடுத்தாலும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது வேணாம்பா, அந்த மஞ்ச மாத்திரை குடு, அதுலதான் எனக்கு முட்டி வலி நிக்குது” என்பார். அவர் கேட்டது பி காம்ப்ளக்ஸ். முட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. நானும் மஞ்சளோடு சேர்த்து பிரஷர் மாத்திரையையும் கொடுத்துவிடுவேன். இரண்டையும் போட்டுக்கொள்வார்.

இதில் ஒரு உண்மையான ஆபத்தும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. டெண்டரில் கம்பெனி மாறினால் மாத்திரையின் உருவம் மாறிவிடும். போன மாதம் நீளமாக இருந்த சுகர் மாத்திரை மெட்பார்மின் இந்த மாதம் வட்டமாக வரும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர் இதைப் புது மருந்து என்று நினைத்து, பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டுக்கொள்வார். சுகர் இறங்கி மயங்கி விழுந்து தூக்கிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். விசாரித்தால் சுகரை இறக்கும் கிளிபென்கிளமைடு, பழைய அட்டையில் ஒன்று, புது அட்டையில் ஒன்று. மருந்திலும் தப்பில்லை, டாக்டரிடமும் தப்பில்லை. உருவம் மாறியதைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். ஓபியில் முந்நூறு பேர் நிற்கும்போது நான் மட்டும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கேட்டால் எனக்கே பதில் கிடையாது.

லேபில் தேறிய மாத்திரை வீட்டுக்கு வரும்வரை அப்படியே இருக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். ஆறு இருக்கு தண்ணி இல்ல, கோட்டை இருக்கு ராஜா இல்ல என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். வெயிலுக்கு மட்டும் இங்கே குறையே கிடையாது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும். பெரும்பாலான மாத்திரைகளின் அட்டையில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்றோ 25 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்றோ அச்சடித்திருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஸ்டோர் ரூமில் அது நடக்கிற காரியமா? ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்ததும் குப்பென்று வினிகர் வாடை அடித்தால், மாத்திரை ஈரத்திலும் சூட்டிலும் உடைந்து அசிட்டிக் அமிலமாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படி வாடை அடித்த டப்பாக்களை நான் ஒதுக்கி எழுதி அனுப்பியிருக்கிறேன். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து பேப்பரில் மடித்துக் கொடுக்கிற பழக்கமும் இதே கெடுதலைத்தான் செய்கிறது. வீட்டில் ஜன்னல் மேடை, டிவி மேல், அடுப்பங்கரை அலமாரி, இந்த மூன்று இடத்திலும் மாத்திரை வைக்காதீர்கள்.

இன்சுலின் இன்னும் நுணுக்கம். திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் பழைய வழி பானைதான். பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானை வைத்து, குப்பியை பிளாஸ்டிக் உறையில் சுற்றி உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடுவது. பிரிட்ஜ் அளவுக்கு வராது. ஆனால் தினமும் பயன்படுத்துகிற குப்பியை வெளி வெயிலிலிருந்து காப்பாற்றும். பிரிட்ஜ் இருக்கிறவர்கள் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து உறையவிட்டுவிடுவார்கள். உறைந்த இன்சுலினைக் கீழே ஊற்ற வேண்டியதுதான். இன்னொன்று, நம் ஊரில் குப்பியில் வருகிற இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் போடுகிற கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். அதனதற்கு அதனதன் சிரிஞ்சு. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. இதை மாற்றிப் போட்டால் டோஸ் ஒன்றுக்கு இரண்டரையாக ஏறும், இல்லாவிட்டால் பாதிக்கும் கீழே இறங்கும். எத்தனை நல்ல கம்பெனி மருந்தாக இருந்தாலும் இந்தத் தப்பைத் திருத்தாது.

இனி நீங்கள் படித்த சிரப் விவகாரம். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசம் சிந்துவாராவில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த சிரப் தயாரான இடம் நமக்கு அடுத்த காஞ்சிபுரம் மாவட்டம், ராணிப்பேட்டையிலிருந்து சென்னை போகிற அதே நெடுஞ்சாலையில் இருக்கும் சுங்குவார்சத்திரம். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம் இருந்தது. 0.1 சதவீதத்தைத் தாண்டவே கூடாத பொருள் அது. உரிமம் ரத்தானது, கைதும் நடந்தது. குழந்தைகள் போனது போனதுதான்.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் எங்கே பயப்பட வேண்டும் என்பது தெரியும். சிரப்பில் மருந்தைக் கரைக்க புரொபிலீன் கிளைகால், கிளிசரின் மாதிரி இனிப்பான, கெட்டியான ஒரு திரவம் வேண்டும். மருந்துத் தரத்தில் வாங்கினால் விலை அதிகம். பெயின்ட், பிரேக் ஆயில் போன்ற தொழிற்சாலை வேலைகளுக்கென்று வருகிற மலிவுச் சரக்கு பார்க்க அச்சாக அதே மாதிரி இருக்கும். டைஎத்திலீன் கிளைகாலும் இனிப்புத்தான். பீப்பாயைத் திறந்து ஒவ்வொன்றையும் சோதித்தால் பிடிபட்டுவிடும். சோதிக்காமல் ஊற்றுகிற இடத்தில் குழந்தை சாகிறது. 1937-இல் அமெரிக்காவிலேயே இதே பொருளால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மருந்தை விற்பதற்கு முன்னால் அது பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் அடுத்த வருஷமே அங்கே வந்தது. ஆக, இது பணக்கார நாடு, ஏழை நாடு என்ற ரத்தத்தில் ஊறிய வித்தியாசம் கிடையாது. கேட்க ஆள் இருக்கிற நாட்டில் நின்றது, இல்லாத நாட்டில் தொடர்கிறது.

2022-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற சின்ன நாட்டில் சுமார் 70 குழந்தைகள் இந்தியாவில் தயாரான சிரப்புகளால் இறந்ததாகச் செய்தி வந்தது ஞாபகம் இருக்கலாம். அப்போது அந்த நாட்டில் மருந்தைச் சோதிக்க ஒரு லேபுகூட இல்லை. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் தெரிந்துகொண்டார்கள். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்தில் ஒரு மருந்து தரக்குறைவானது அல்லது போலி என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மதிப்பிட்டது. இதைப் படித்துவிட்டு எல்லாரும் ‘போலி’ என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறார்கள். யாரோ திருட்டுத்தனமாக மாவை மாத்திரையாக்கி விற்பது ஒரு பக்கம். உரிமம் உள்ள கம்பெனி சோதனையைச் சோம்பலாலும் பேராசையாலும் விட்டுவிடுவதும், நல்ல மருந்து லாரியிலும் ஸ்டோர் ரூமிலும் வெந்து கெடுவதும் இன்னொரு பக்கம். நான் பார்த்தவரை இரண்டாவதுதான் அதிகம்.

குழந்தைக்குச் சளி என்றால் என்ன செய்வது என்று யாராவது கேட்பீர்கள். அந்த சிரப்பில் இருந்த குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கூட்டு மருந்தை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. சளி தானாக ஒரு வாரத்தில் போகும். மூச்சு இரைத்தால், பால் குடிக்காவிட்டால் ஆஸ்பத்திரி. சிரப் வேண்டாம்.

இப்போது அம்மா பயமில்லாமல் போட்டுக்கொள்கிற அந்த மருந்துக்கு வருகிறேன். நாள் முழுக்க முறத்தை மடியில் வைத்துக் குனிந்து பீடி சுற்றுகிறவருக்குக் கழுத்து வலி, இடுப்பு வலி இல்லாமல் இருக்காது. சாயங்காலம் கடையில் போய் “ஒடம்பு வலிக்கு ஒரு செட் குடுப்பா” என்று கேட்டிருப்பார். பத்து இருபது ரூபாய்க்கு நாலைந்து மாத்திரையை அட்டையிலிருந்து வெட்டி ஒரு கவரில் போட்டுக் கொடுப்பார்கள். பெயர் கிடையாது, பேட்ச் நம்பர் கிடையாது, காலாவதித் தேதி கிடையாது. நான் அப்படிப்பட்ட கவர்களைப் பலமுறை கொட்டிப் பார்த்திருக்கிறேன். வலிக்கு ஒரு டைக்ளோபினாக், ஒரு வயிற்றுப்புண் மாத்திரை, சில சமயம் ஒரு ஆன்டிபயாட்டிக், ஓரத்தில் பொடிசாக ஒரு வெள்ளை மாத்திரை. அந்தப் பொடிசுதான் டெக்சாமெத்தசோன், ஸ்டீராய்டு. வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் கொஞ்சம் பூரித்துக்கூடத் தெரியும். “அந்தக் கடைக்காரர் கைராசி” என்று ஊரே சொல்லும்.

ஸ்டீராய்டு சுகரை ஏற்றும். டைக்ளோபினாக் பிரஷரை ஏற்றும், நாள்பட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏற்கெனவே சுகரும் பிரஷரும் உள்ளவருக்கு இது இரண்டு மடங்கு. காலையில் மெட்பார்மினும் பிரஷர் மாத்திரை அம்லோடிபினும் இறக்குவதை ராத்திரி அந்த செட் ஏற்றிவிடுகிறது. அப்புறம் டெஸ்டில் சுகர் 280 என்று வந்தால் பழி யார் மேல் விழும்? அரசு மாத்திரை மேல்தான். அம்மாவிடம் ‘செட் மாத்திரை வாங்குறியா’ என்று கேட்டால் இல்லை என்பார். ‘கழுத்து வலிக்கு என்னம்மா பண்ற’ என்று கேளுங்கள், சொல்லிவிடுவார். ஒரு எச்சரிக்கை: மாதக்கணக்கில் தினமும் ஸ்டீராய்டு போட்டவர் திடீரென்று நிறுத்தக்கூடாது. மிச்சமிருக்கும் கவரை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்க் காட்டி, அவர் சொல்கிறபடி குறைக்க வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா, வேறு ஏதாவது வேண்டுமா என்பதையும் அவரே சொல்லட்டும்.

கம்பெனி மாறினால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்வது சுகர், பிரஷர் மாத்திரைகளுக்கு. எல்லாவற்றுக்கும் அப்படிச் சொல்லமாட்டேன். கிட்னி மாற்றியவர்கள் போடும் டாக்ரோலிமஸ், வலிப்புக்குப் போடும் பினைட்டாயின், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்பரின் போன்றவற்றில் அளவு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் ஆபத்து. அங்கே டாக்டருக்குத் தெரியாமல் பிராண்டை மாற்றக்கூடாது. பிராண்டை மாற்ற ஜனங்கள் படும் பயம் வேலூர் காந்தி ரோட்டில் நின்றால் நன்றாகத் தெரியும். லாட்ஜ் போர்டு வங்காள எழுத்தில், மெடிக்கல் ஷாப் பையன் பேசுவது வங்காளம். மேற்கு வங்கம், ஜார்கண்ட், அஸ்ஸாம், வங்கதேசத்திலிருந்து காட்பாடியில் வந்து இறங்கி சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒரு ஆளின் பையை ஒருமுறை பார்த்தேன், மூன்று மாத மருந்து அடைத்து வைத்திருந்தார். ஏன் இவ்வளவு என்று கேட்டேன். அவர் ஊரில் இந்தப் பெயர் கிடைக்காதாம், வேறு பெயர் வாங்க பயமாம். நோய் என்ன என்று கண்டுபிடிக்க 1,700 கிலோமீட்டர் ரயிலேறி வந்துவிட்டார். நாலாவது மாதத்து மாத்திரைக்கு என்ன செய்வார்? எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

விலையைப் பற்றிக் கொஞ்சம். விலை ஏதோ மருந்தின் இயற்கைக் குணம் மாதிரி பேசுகிறோம். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் நிர்மலா என்ற மாணவி சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகளை ராத்திரி ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுவந்து, வேலூர் சி.எம்.சி.யில்தான் சோதித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரிந்தது அந்தச் சோதனையில்தான். அதன் கூட்டு மருந்து பின்னாளில் வந்தபோது ஒருவருக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கும் மேல். 2001-இல் சிப்லா அதே கூட்டை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. ஒரு மருந்தையே ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமாக்கும் பொருள் காப்புரிமையை 1970-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியிருந்ததால் இது முடிந்தது. 2004 ஏப்ரலில் அரசே இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. நான் வேலை பார்த்த ஒரு ஊரில் லாரி டிரைவர்கள் பலர் இந்த நோயில் போனார்கள். அதற்குப் பின்னால் வந்தவர்கள் இன்றும் வண்டி ஓட்டுகிறார்கள். உங்கள் அம்மா வெளியில் வாங்கியே தீருவேன் என்றால் மக்கள் மருந்தகமோ, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகமோ பாருங்கள். 1,400 ரூபாய்க்குப் பாதிகூட ஆகாது என்றே நினைக்கிறேன்.

விலையும் தரமும் சரியாக இருந்தும் மருந்து எட்டாத இடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பாம்புக் கடிக்கு விஷமுறி மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அதற்கான விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் இந்தியா முழுவதற்கும் போகிறது. ஆனால் 2023 மே மாதம் அணைக்கட்டு வட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தபோது கீழே கொண்டுவர ரோடு இல்லை. குழந்தை இறந்தது. உடலைக் கொண்டுபோன ஆம்புலன்ஸும் வழியில் நின்றுவிட, தாய் கையில் தூக்கிக்கொண்டு நடந்தே மலையேறினார். அந்த மலைக்கு நான் தடுப்பூசி முகாமுக்குப் போயிருக்கிறேன். ஐஸ் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறும்போது, பெட்டிக்குள் ஐஸ் தாங்குமா, என் முட்டி தாங்குமா என்று எண்ணிக்கொண்டே போவேன். நூறு வருஷத்துக்கும் முன்னால், சி.எம்.சி.யைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் குடியாத்தம் சாலையில் மரத்தடிக்கு மரத்தடி வண்டியை நிறுத்தி மருந்து கொடுத்தார். இன்று உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி பிரஷர் பார்க்கும் பெண்ணும் அந்த வேலையைத்தான் செய்கிறார்.

கடைசியாக, மருந்து நடுவில் நின்றுபோவது. டி.பி.க்கு ஆறு மாதம் மருந்து. இரண்டாவது மாதத்திலேயே இருமல் நின்றுவிடும், எடை கூடும், ஆள் தோல் ஷாப்பு வேலைக்குத் திரும்பிவிடுவார். மாத்திரை நிற்கும். நிறுத்தக் காரணமும் விசித்திரமாக இருக்கும். டி.பி. மருந்துகளில் ஒன்றான ரிபாம்பிசின் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு சிவப்பாகப் போகும். முதல் நாளே இதைச் சொல்லாமல் விட்டால், “ரத்தமா போவுது” என்று பயந்து மறுநாளே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். பாதியில் விட்டவருக்கு அப்புறம் அதே மருந்து கேட்காமல் போகலாம். சில சமயம் நிறுத்துவது நோயாளியும் இல்லை. 2024 தொடக்கத்தில் மத்திய அரசின் டி.பி. மருந்து வரத்தே தட்டுப்பட்டு, மாநிலங்களை உள்ளூரில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

உங்கள் அம்மா விஷயத்திலும் எனக்கு உறுத்துவது இந்த நிற்பதுதான். காசிருக்கும் மாதம் கடை மாத்திரை, இல்லாத மாதம் ஒன்றுமில்லை. பிரஷர் ஏறினால் வலிக்காது, அதனால் விட்டதே தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த பிஸ்கட் டப்பாவைத் தரையில் கொட்டுங்கள். காலாவதித் தேதி தாண்டியதைத் தனியாக எடுத்துவிடுங்கள். ஒரே பெயர் இரண்டு உருவத்தில் இருந்தால் ரப்பர் பேண்ட் போட்டுச் சேர்த்து வையுங்கள். கடையில் வாங்கிய அட்டையில் உள்ள மருந்துப் பெயரையும் அரசு அட்டையில் உள்ள பெயரையும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் படித்துக் காட்டுங்கள். பல சமயம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். அந்த அட்டைகளையும் கூடவே டாக்டரிடம் எடுத்துப் போங்கள். எதை விட்டு எதைப் போடுவது என்று அவர் சொல்லட்டும், இரண்டையும் சேர்த்து மட்டும் போட்டுவிட வேண்டாம்.

போகும்போது கடந்த மூன்று மாதத்தில் அம்மா எத்தனை நாள் எதுவுமே போடாமல் விட்டார் என்பதையும் கணக்குப் போட்டு எழுதி எடுத்துப் போங்கள். அதைச் சொல்லாவிட்டால் டாக்டர் பிரஷர் மீட்டரில் 170 என்று பார்த்துவிட்டு, இந்த மாத்திரை போதவில்லை என்று நினைத்து டோஸை ஏற்றி எழுதிவிடுவார்.